பத்து வயதில் போலந்துக்கு 'அரசன்' ஆன யாட்விகா: ஆண்டாரா, ஆட்டி வைக்கப்பட்டாரா?

ஊர்சுற்றி:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு தூக்கம் வராமல் ஒரு காணொளி பார்த்தேன். 1384-ல் போலந்தில் பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு 'அரசி' என்று சொல்லாமல் 'அரசன்' என்றே முடிசூட்டினார்களாம். பெயர் ஜாட்விகா. பிறகு காதலனைப் பிரித்து, முன்பின் பார்த்திராத ஒரு லிதுவேனியனுக்குக் கட்டி வைத்தார்களாம். 25 வயதில் சாவு, அறுநூறு வருடம் கழித்துப் புனிதர் பட்டம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு காணொளிக்காரரின் மசாலா? அந்தப் பெண் நிஜமாகவே ஆண்டாரா, இல்லை பெரியவர்கள் பிடித்து உட்கார வைத்த பொம்மையா? ஐரோப்பிய இடைக்காலம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வாருங்கள்.

கல்வெட்டுக்காரன்:
முதலில் பெயரைச் சரி செய்துவிடுவோம். ஜாட்விகா இல்லை, யாட்விகா. போலிஷ் மொழியில் J என்ற எழுத்துக்கு 'ய' ஓசைதான்.

இவர் போலந்தில் பிறக்கவே இல்லை. 1373 கடைசியிலோ 1374 தொடக்கத்திலோ ஹங்கேரியின் புடா அரண்மனையில் பிறந்தவர். அப்பா முதலாம் லூயி, ஹங்கேரிக்கும் போலந்துக்கும் சேர்த்து ஒரே ராஜா. அம்மா பாஸ்னியாவின் எலிசபெத். ஆண் வாரிசு கிடையாது. காதரின், மேரி, யாட்விகா என்று மூன்று பெண்கள். பெண்ணுக்குச் சிம்மாசனம் என்றால் போலந்துப் பிரபுக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று லூயிக்குத் தெரியும். அதனால் 1374-ல் கோஷிட்சே நகரில் பேரம் பேசினார். பிரபுக்களின் நிலத்துக்கான வரியைக் குறைத்து, ஒரு 'வான்' (அந்த ஊர் நில அளவு) நிலத்துக்கு 2 குரோஷ் நாணயம் கொடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு என் மகள்களில் ஒருத்தியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஏற்றுக்கொண்டார்கள். யாட்விகா தொட்டிலில் கிடந்தபோதே அவருடைய கிரீடத்துக்கு விலை கட்டியாகிவிட்டது.

மூத்தவள் காதரின் 1378-லேயே இறந்துவிட்டாள். 1382-ல் லூயியும் போனார். நடுவுள்ளவள் மேரியையும் அவளுக்கு நிச்சயித்திருந்த லக்சம்பர்க் சிகிஸ்மண்டையும் போலந்துக்கு அனுப்புவது லூயியின் திட்டம். ஆனால் ஹங்கேரிக்காரர்கள் முந்திக்கொண்டு மேரிக்கு முடிசூட்டிவிட்டார்கள். போலந்துக்காரர்களோ லூயி காலத்திலேயே வெறுத்துப் போயிருந்தார்கள், ராஜா என்று பெயர், ஊர்ப் பக்கமே தலை காட்டமாட்டார். "எங்களோடு இங்கேயே இருக்கிறவர்தான் வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றார்கள். அப்படித்தான் கடைக்குட்டியின் முறை வந்தது.

அம்மாக்காரி அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று இரண்டு வருடம் இழுத்தடித்தார். அந்த இடைவெளியில் போலந்தின் மேற்குப் பகுதியில் இரண்டு பெரிய குலங்கள் வெட்டிக்கொண்டு செத்தன. மசோவியா கோமகன் நான்காம் சியெமோவிட் என்பவர் வழியிலேயே பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். கடைசியில் 1384 அக்டோபர் 16 அன்று கிராக்கோவில் முடிசூட்டு விழா நடந்தது. கிரீடம் வைத்தவர் பேராயர் பொட்ஸான்டா.

மூக்குக்கண்ணாடி:
அந்த 'அரசன்' சமாச்சாரத்தை வைத்து இணையத்தில் பெரிய வியாபாரமே நடக்கிறது. உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்கிற மாதிரி பேசுவார்கள். இரண்டு வருடம் முன்னால் அவருடைய சொந்த அக்கா மேரிக்கு ஹங்கேரியில் இதே மாதிரி 'ராஜா' என்றுதான் முடிசூட்டினார்கள். அதோடு யாட்விகா தன் சாசனங்களில் தன்னை 'ரெஜினா', அதாவது அரசி என்றுதான் குறிப்பிட்டுக்கொள்கிறார். அரசனுக்கு உரிய சடங்கோடு முடிசூட்டினார்கள் என்பது சரி. அதற்கு மேல் ஊதிப் பெருக்க வேண்டாம்.

கல்வெட்டுக்காரன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சடங்கு வெறும் அலங்காரமும் இல்லை. ராஜாவின் மனைவிக்குச் செய்வது ஒரு வகை, ஆளும் உரிமை உள்ளவருக்குச் செய்வது வேறு வகை. இரண்டாவதைச் செய்ததால், நாளைக்கு எவனோ ஒருவன் இவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து "மாப்பிள்ளை நான்தான், நாடு என்னுடையது" என்று உட்கார முடியாது. மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்து முடிசூட்டுவது தங்கள் கையில்தான் என்று பிரபுக்கள் ஆணியடித்து வைத்தார்கள்.

தேநீர்நேரம்:
அண்ணா, வரி, வாரிசு எல்லாம் இருக்கட்டும். காதல் கதைக்கு வாருங்கள். ஆஸ்திரிய இளவரசன் வில்லியம் கிராக்கோவுக்கே வந்துவிட்டானாம். கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்களாம். இந்தப் பெண் கோடரியை வாங்கிக் கதவைப் பிளக்கப் போனாராம். இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலையே ஓடவில்லை.

கல்வெட்டுக்காரன்:
வேலை ஓடட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 1378-ல் ஹெயின்பர்க் ஊரில் நிச்சயம் நடந்தபோது யாட்விகாவுக்கு நாலு வயசு, வில்லியமுக்கு எட்டு. அடையாளமாக இரண்டு குழந்தைகளையும் ஒரு படுக்கையில் கிடத்தி எடுத்தார்கள், அந்தக் காலத்து வழக்கம். பெண் 12 வயதை எட்டியதும் உண்மையான திருமணம். எந்தப் பக்கம் பின்வாங்கினாலும் 2,00,000 ஃபுளோரின் தண்டம். இதைக் காதல் என்பதைவிடக் கம்பெனி ஒப்பந்தம் என்று சொல்லலாம். ஆனால் யாட்விகா நிச்சயத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் வியன்னா அரண்மனையில் வளர்ந்தவர், அதனால் பையன் அவருக்குத் தெரியாதவன் இல்லை. சின்ன வயதிலிருந்து "உன் வீட்டுக்காரர் இவர்தான்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டுத் திடீரென்று இல்லை என்றால் அந்தக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த வலியை நான் மறுக்கவில்லை.

1385 ஆகஸ்டில் வில்லியம் கிராக்கோவுக்கு வந்ததும், பிரபுக்கள் அவரை வாவெல் கோட்டைக்குள் விடாததும் நடந்ததுதான். கோடரிக் காட்சி யான் துவுகோஷ் என்ற வரலாற்றாசிரியர் தருவது. அவர் பிறந்தது 1415-ல், யாட்விகா இறந்து பதினாறு வருடம் கழித்து. கிராக்கோவில் காதில் விழுந்த கதைகளையெல்லாம் எழுதி வைத்த மனிதர், நல்ல கதை கிடைத்தால் விடமாட்டார். புது மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று பார்த்து வர யாட்விகா ஓர் ஆளை அனுப்பினார், அந்த ஆள் மாப்பிள்ளையோடு சேர்ந்து குளித்துவிட்டு வந்து "உடம்பில் குறையொன்றும் இல்லை" என்று சொன்னார் என்றும் அவர்தான் எழுதுகிறார். பிள்ளை பார்க்கும் படலம் அங்கே குளியலறை வரைக்கும் போயிருக்கிறது!

தேநீர்நேரம்:
ஹா ஹா. நம்மூரில் சம்பளச் சீட்டோடு விட்டுவிடுகிறோம்.

ஊர்சுற்றி:
அந்த லிதுவேனியன் யார்? ஏன் அவரைப் பிடித்தார்கள்?

கல்வெட்டுக்காரன்:
யோகைலா, லிதுவேனியாவின் பெருங்கோமகன். இடி, நெருப்பு, புனிதத் தோப்பு என்று வழிபட்டுக்கொண்டிருந்த, ஐரோப்பாவின் கடைசிப் பெரிய அரசு அது. நாடு மிகப் பெரியது; இன்றைய பெலாரூஸ், உக்ரைனில் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். இந்தப் பக்கம் போலந்து, அந்தப் பக்கம் லிதுவேனியா, இரண்டுக்கும் பொது எதிரியாகப் பால்டிக் கரையில் டியூட்டானிக் வீரத்துறவிகள். "கிறித்தவம் பரப்புகிறோம்" என்று சொல்லி வருடா வருடம் லிதுவேனியாவுக்குள் புகுந்து எரிப்பது அவர்கள் வேலை. லிதுவேனியாவே திருமுழுக்குப் பெற்றுவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும். யோகைலாவுக்கு அதுதான் கணக்கு. போலந்துக்கு ஒரு பெரிய கூட்டாளி கிடைக்கிறது.

1385 ஆகஸ்ட் 14 அன்று கிரேவா கோட்டையில் யோகைலா எழுதிக் கொடுத்தார். தானும் தம்பிகளும் குடிகளும் கத்தோலிக்கராவது, பிடித்து வைத்திருக்கிற போலந்துக் கைதிகளை விடுவிப்பது, வில்லியமுக்கான 2,00,000 ஃபுளோரின் தண்டத்தைக் கட்டுவது, தன் நாட்டைப் போலந்துக் கிரீடத்தோடு 'சேர்ப்பது'. அந்தச் 'சேர்ப்பது' என்ற லத்தீன் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று போலந்து, லிதுவேனிய அறிஞர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள்.

1386 பிப்ரவரி 15 திருமுழுக்கு, பெயர் வுவாதிஸ்வாவ். 18-ஆம் தேதி கல்யாணம். மார்ச் 4 முடிசூட்டு. மூன்றே வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மணப்பெண்ணுக்குப் பன்னிரண்டு நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு 24 என்று ஒரு கணக்கு, 34 என்று இன்னொரு கணக்கு.

பனையோலை:
தம்பிகளா, ஒரு கத்தோலிக்கப் பெண்ணாக நானும் கொஞ்சம் சொல்கிறேன். அரசியல் எல்லாம் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை முடிவெடுக்க முடியாமல் பேராலயத்தில் கருப்புச் சிலுவை முன்னால் மணிக்கணக்கில் முழந்தாளிட்டு வேண்டியது என்று சொல்வார்கள். அந்தச் சிலுவை இன்னும் அங்கே இருக்கிறது. எங்கள் வீட்டில் அக்டோபர் 16 அன்று இவருடைய திருநாளைக் கொண்டாடுவோம், என் பாட்டிக்கு இவர் பெயர்தான். ஏழு பிள்ளை பெற்று, கணவர் போன பிறகு கன்னியர் மடத்தில் வாழ்ந்தவர்.

மூக்குக்கண்ணாடி:
அக்கா, மன்னிக்கவும், அது வேறு ஹெட்விக். நீங்கள் சொல்வது சிலேசியாவின் புனித ஹெட்விக். 1243-ல் இறந்த கோமகள். அக்டோபர் 16 அவருடைய திருநாள். யாட்விகா என்பதும் அதே பெயரின் போலிஷ் வடிவம்தான், அதனால்தான் குழப்பம். யாட்விகா முடிசூடிய தேதியும் அக்டோபர் 16 என்பதால் இன்னும் குழம்பும்.

பனையோலை:
அடடா, அப்படியா! எத்தனை வருடமாக இரண்டு பேரையும் ஒருவராகவே நினைத்திருக்கிறேன். நன்றி தம்பி. அப்படியானால் காலடிக் கதை யாருடையது? அழுதுகொண்டிருந்த கல்தச்சனுக்கு, வைத்தியச் செலவுக்கு, தன் செருப்பிலிருந்த தங்கக் கொக்கியைப் பிடுங்கிக் கொடுத்தவர்?

மூக்குக்கண்ணாடி:
அது இவர்தான். கிராக்கோவில் கார்மல் சபைக் கோயில் சுவரில், அப்போது அவர் கால் பதிந்ததாகச் சொல்லும் அந்தக் காலடிக் கல் இருக்கிறது. மரபுக் கதை, ஆனால் அழகான கதை.

சரி, என் வாதத்துக்கு வருகிறேன். ஊர்சுற்றி கேட்டது 'ஆண்டாரா' என்று. எனக்குத் தெரிந்த வரையில் இல்லை. பத்து வயதில் பிரபுக்கள் ஆண்டார்கள், பன்னிரண்டுக்குப் பிறகு யோகைலா ஆண்டார். இவர் தானம் தர்மம், மருத்துவமனை, கோயில் என்று இருந்தார். பிற்காலத்தில் புனிதராக்க வேண்டும் என்பதற்காக அரசியல்வாதியாகவும் ஆக்கிவிட்டார்கள்.

கல்வெட்டுக்காரன்:
முதல் பாதி சரி. 1386 வரை அவர் கையில் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1387 தொடக்கம். யோகைலா வில்னியூஸில் இருக்கிறார், தன் மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் வேலை. இங்கே ஹங்கேரி பற்றி எரிகிறது. முந்தின வருடம் யாட்விகாவின் அம்மா, சிம்மாசனத்துக்குப் போட்டியாக வந்த நேபிள்ஸ் சார்லஸை ஆள் வைத்து வெட்டினார். பதிலுக்கு சார்லஸின் ஆட்கள் அம்மாவையும் அக்கா மேரியையும் பிடித்துக் குரோவாசியக் கடற்கரையில் நோவிகிராட் கோட்டையில் அடைத்தார்கள். 1387 ஜனவரியில் அம்மாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள், மேரி கண் முன்னால் என்று சொல்வதுண்டு.

அதே மாதங்களில் பதின்மூன்று வயது யாட்விகா என்ன செய்தார்? படையோடு கிழக்கே செங்ருத்தேனியாவுக்குப் போனார். இன்றைய உக்ரைனின் லிவீவ், ஹாலிச் பகுதி. அதை அவருடைய அப்பாதான் போலந்திலிருந்து பிரித்து ஹங்கேரியோடு சேர்த்திருந்தார். அதாவது, அப்பா எடுத்ததை மகள் திரும்ப வாங்குகிறார், எதிர்த் தரப்பில் இருப்பது சொந்த அக்காவின் ராஜ்யம். படை நடத்தியவர்கள் அனுபவமுள்ள பிரபுக்கள், சந்தேகமில்லை. ஆனால் நகரங்கள் கதவைத் திறந்தது அவருடைய பெயருக்கு. லூயியின் மகள் என்பதால் அவர் வந்து நின்றால் அது படையெடுப்பு ஆகாது, உரிமையாளர் வந்த மாதிரி. மார்ச்சில் லிவீவ் நகரத்தின் பழைய சலுகைகளை உறுதி செய்து கொடுத்தார். ஹாலிச்சில் மட்டும் ஹங்கேரிய ஆளுநர் பெனடிக்ட் ஆகஸ்ட் வரை முரண்டு பிடித்தார். செப்டம்பரில் மோல்டாவியாவின் கோமகன் பெட்ரு, லிவீவுக்கு வந்து போலந்து அரசருக்கு மண்டியிட்டார். அதற்குப் பிறகு பல நூற்றாண்டு அந்தப் பகுதி போலந்தோடுதான் இருந்தது.

சரியா தவறா என்பதை ஒரு உக்ரைனியரிடம் கேட்டால் வேறு பதில் வரும். ஆனால் பொம்மை செய்கிற காரியம் இல்லை இது.

மூக்குக்கண்ணாடி:
"பெயருக்குக் கதவு திறந்தது" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெயர்தான் பயன்பட்டது, ஆள் இல்லை.

கல்வெட்டுக்காரன்:
நியாயமான கொக்கி. அப்படியானால் பத்து வருடம் தள்ளிப் போவோம். 1397, இனோவ்ரோட்ஸ்வாவ். டியூட்டானிக் சபைத் தலைவர் கொன்ராட் ஃபான் யுங்கிங்கனோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார். டோப்ஜின் பகுதியை அடமானம் என்ற பெயரில் சபை விழுங்கி வைத்திருந்தது. யோகைலாவைச் சபை பேச்சுக்கே லாயக்கில்லாதவர் மாதிரி நடத்தியது, "அவர் கிறித்தவரானதே நடிப்பு, கல்யாணமே செல்லாது" என்று ஐரோப்பா முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் இவர் போனார். பேச்சு தோற்றது. ஆனால் இவர் இருந்தவரை பெரும் போர் வெடிக்கவில்லை. சபையோடு கிருன்வால்ட் பெரும் போர் நடந்தது 1410-ல்.

தவறும் செய்திருக்கிறார். 1398-ல், யோகைலாவுக்குக் கீழே லிதுவேனியாவை ஆண்ட அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் விட்டோல்டிடம், உங்கள் நாடு என் சீதன உரிமை, அதற்கு வருடாந்திரக் கப்பம் கட்டுங்கள் என்று கடிதம் எழுதினார். இது ஒரு பிரஷ்ய வரலாற்றுக் குறிப்பில் வருகிறது. விட்டோல்ட் தன் பிரபுக்களைக் கூட்டி, நாம் அடிமைகளா என்று கேட்டார். அவர்கள் கொதித்துப் போய் அவரையே ராஜா என்று கூவினார்கள். கிரேவாவின் அந்தச் 'சேர்ப்பது' என்ற ஒற்றைச் சொல் யாட்விகாவின் கையிலேயே வெடித்தது. புனிதர் வரலாறுகளில் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவார்கள்.

மூக்குக்கண்ணாடி:
இப்போதுதான் நம்புகிறேன். பொம்மை இந்த மாதிரி சொதப்பாது.

சாளரம்:
தாமதமாக வருகிறேன். நான் கிராக்கோவில் முதுகலை படிக்கிறேன், வாவெல் பேராலயத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். யாட்விகாவின் வெள்ளைப் பளிங்குக் கல்லறை 1902-ல் செய்தது, சிற்பி மதேய்ஸ்கி. படுத்த நிலையில் சிலை, காலடியில் ஒரு நாய். அவருடைய எச்சங்கள் இப்போது அதற்குள் இல்லை. 1987-ல் பனையோலை அக்கா சொன்ன அந்தக் கருப்புச் சிலுவைப் பீடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

என்னை நிறுத்தியது பக்கத்திலிருக்கிற கண்ணாடிப் பெட்டி. கல்லறையைத் திறந்தபோது உள்ளே கிடைத்த செங்கோலும், அரசர்கள் கையில் ஏந்தும் உருண்டையும். தங்கம் இல்லை, மரம். பொன்முலாம் பூசிய மரம். எங்களை அழைத்துப் போன வழிகாட்டி, "நகையையெல்லாம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார், அதனால் புதைக்கத் தங்கமே இல்லை" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். கூட்டத்தில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் தொண்டை அடைத்தது.

மூக்குக்கண்ணாடி:
வழிகாட்டிகள் வயிற்றில் அடிக்க விரும்பவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசர்களை அசல் தங்கத்தோடு புதைப்பது அவர்கள் வழக்கம் இல்லை. லூயிக்கு முன் போலந்தை ஆண்ட, பெரும் பணக்காரரான மூன்றாம் காசிமிர் கல்லறையை 1869-ல் திறந்தபோது அதில் இருந்ததும் முலாம் பூசிய செம்புக் கிரீடம்தான். அசலை அடுத்தவருக்கு வைத்துவிட்டு, சவத்தோடு நகல் வைப்பார்கள். மரச் செங்கோலுக்கு வறுமை காரணம் இல்லை.

சாளரம்:
அப்படியானால் நகை கொடுத்ததும் கட்டுக்கதையா?

கல்வெட்டுக்காரன்:
இல்லை, அது உண்மை. செங்கோல் விஷயத்தில் மூக்குக்கண்ணாடி சொல்வதை நானும் ஏற்கிறேன். மரத்தாலான அந்தப் பொருள் எதற்கும் சான்று ஆகாது. சான்று அவருடைய உயில். உடைமைகளை விற்று ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பகுதியை ஏழைகளுக்கும் கொடுக்கச் சொன்னார். அதை நிறைவேற்றியவர்கள் கிராக்கோ ஆயர் பியோட்ர் விஷும் டென்சின் யாஷ்கோவும்.

கிராக்கோ பல்கலைக்கழகத்தை 1364-ல் தொடங்கியவர் அதே காசிமிர்தான். அவர் இறந்ததும் அது கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. இறையியல் துறையும் கிடையாது. அந்தக் காலத்தில் அது இல்லாவிட்டால் முழுப் பல்கலைக்கழகம் என்று மதிக்க மாட்டார்கள். யாட்விகா விடாமல் ரோமுக்கு எழுதி, 1397 ஜனவரியில் திருத்தந்தை ஒன்பதாம் போனிஃபேஸிடம் இறையியல் துறைக்கு அனுமதி வாங்கினார். அதே வருடம் பிராகாவில் லிதுவேனிய மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு விடுதிக் கல்லூரிக்கும் பணம் வைத்தார். திருமுழுக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் போதாது, அந்த ஊர்ப் பையன்களே குருக்களாகிப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எண்ணம். 1400 ஜூலையில் பல்கலைக்கழகம் மறுபடி திறந்தது. அப்போது இவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 1491-ல் அங்கே படிக்க வந்த ஒரு பையன் கோப்பர்னிக்கஸ்.

சாளரம்:
நான் படிப்பதும் அங்கேதான். பெயர் யாகிவோனியப் பல்கலைக்கழகம்! யாகிவோ, அதாவது யோகைலா குலத்தின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்த பெயர் என்றார்கள். பணம் மனைவியுடையது, பலகை கணவர் குடும்பத்துடையது.

பனையோலை:
இதில் மட்டும் எந்த நாடும் வித்தியாசம் இல்லை கண்ணா.

ஊர்சுற்றி:
எப்படி இறந்தார்? காணொளியில் 'பிரசவத்தில்' என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள்.

கல்வெட்டுக்காரன்:
பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பிள்ளை இல்லை. அக்கா மேரி 1395-ல் கர்ப்பமாக இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள். அதனால் இவருக்குப் பிள்ளை பிறந்தால் ஹங்கேரிக்கும் உரிமை வரும் என்று எல்லோரும் இவருடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1399 ஜூன் 22 அன்று பெண் குழந்தை. திருத்தந்தை நினைவாக எலிசபெத் போனிஃபாசியா என்று பெயர். மூன்று வாரத்தில், ஜூலை 13 அன்று குழந்தை இறந்தது. நாலு நாள் கழித்து, 17-ஆம் தேதி, தாயும் போனார். இருவரையும் ஒரே கல்லறையில் வைத்தார்கள்.

யோகைலாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மனைவி வழி வந்த சிம்மாசனம், மனைவி இல்லை. கடைசியில் 1402-ல் காசிமிரின் பேத்தி அன்னாவைக் கட்டிக்கொண்டு உரிமையைப் பலப்படுத்திக்கொண்டார். ஆண் வாரிசு பிறந்தது நாலாவது மனைவிக்கு, 1424-ல். 1572 வரை போலந்தை ஆண்ட அந்த வம்சத்தில் யாட்விகாவின் ரத்தம் ஒரு சொட்டும் இல்லை.

பனையோலை:
1997 ஜூன் 8, கிராக்கோ புல்வெளியில் இரண்டாம் ஜான் பால் புனிதர் பட்டம் கொடுத்தார். அவரே அந்த நகரத்துப் பேராயராக இருந்தவர். அன்றைக்கு வானொலிச் செய்தியில் பெயரைக் கேட்டு, நம் ஹெட்விக்குக்கு எதற்கு மறுபடி பட்டம் என்று என் பாட்டி கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. இன்றைக்குத்தான் தெரிந்தது.

தேநீர்நேரம்:
கடைசியாக ஒன்று. அந்த வில்லியம் என்ன ஆனான்?

கல்வெட்டுக்காரன்:
யாட்விகா இருந்த வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்தால் பழைய ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 1401-ல் நேபிள்ஸ் இளவரசி ஜோவன்னாவை மணந்தார். யாட்விகாவின் அம்மா ஆள் வைத்து வெட்டிய சார்லஸ் ஞாபகமிருக்கிறதா, அவருடைய மகள். 1406-ல் வில்லியமும் இறந்தார், பிள்ளையில்லை.

தேநீர்நேரம்:
'இருக்கலாம்' என்றுதானே சொன்னீர்கள், மிச்சத்தை நான் காதல் என்றே வைத்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகிறேன்.